லினக்ஸ் ஃபைல் பர்மிஷனும் ஏசிஎல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓனர், குரூப், அதர்னு ஒம்பது பிட் இருக்கே, அதுக்கு மேல ஏசிஎல் (ஆக்சஸ் கண்ட்ரோல் லிஸ்ட், யாருக்கு என்ன பர்மிஷன்னு பேர் போட்டு எழுதுற பட்டியல்) எதுக்கு?

ஒரு ஃபைலுக்கு ஒரே ஓனர், ஒரே குரூப், மிச்ச எல்லாரும் அதர், அவ்ளோதான் அந்த ஒம்பது பிட்டால சொல்ல முடியும். டெவ் டீமுக்கு ரீட் ரைட் ரெண்டும், ஆடிட் பண்ண வர்றவருக்கு ரீட் மட்டும், வெப் சர்வருக்கு ஒரே ஒரு ஃபோல்டர்ல ரைட், மத்தவங்களுக்கு எதுவுமே கூடாதுன்னு ஆபீஸ்ல கேட்டா அங்கயே முடிஞ்சுது. புது குரூப் போடலாம், ஆனா குரூப் உருவாக்க ரூட் (மெஷினோட அட்மின் யூசர்) வேணும், ஒவ்வொரு தேவைக்கும் ஒரு குரூப்னு போனா ஆறு மாசத்துல எந்த குரூப் எதுக்குன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. கடைசில யாராவது ஒருத்தர் 777 (ரீட் 4, ரைட் 2, எக்ஸிகியூட் 1, கூட்டினா 7, அதாவது எல்லாருக்கும் எல்லாம்) போட்டுட்டு போயிடுவாங்க, அப்போ அந்த மெஷின்ல இருக்குற ஒவ்வொரு ப்ராசஸும் அந்த ஃபோல்டர்ல எழுதலாம், அழிக்கலாம். ஏசிஎல் இருந்தா ஃபைலோட ஓனரே, ரூட்டைக் கேக்காம, இன்னாருக்கு இவ்ளோன்னு பேர் போட்டு குடுத்துடலாம்.

இது எந்த ஸ்டாண்டர்ட்?

போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது ஸ்டாண்டர்ட்) 1003.1இ-னு ஒரு வரைவு, அதோட 17-வது வெர்ஷன். அது ஸ்டாண்டர்டா ஆகவே இல்ல, பாதிலயே வாபஸ் வாங்கிட்டாங்க. ஆனா லினக்ஸ் உட்பட பல சிஸ்டம் அதைப் பார்த்துதான் செஞ்சாங்க, அதனாலதான் எல்லாரும் இன்னும் போசிக்ஸ் ஏசிஎல்னே சொல்றோம். லினக்ஸ்ல 2.6 கெர்னல்ல (சிஸ்டத்தோட மையப் ப்ரோக்ராம்) இருந்து இது உள்ளேயே இருக்கு. ஃபைலோட எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்லதான் (ஃபைலோட ஒட்டி வைக்குற கூடுதல் தகவல்) சேமிக்குது. எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மூணு ஃபைல் சிஸ்டத்துலயும் இப்போ தனியா எதையும் ஆன் பண்ண வேண்டாம். லினக்ஸ்ல இசட்எஃப்எஸ் வச்சிருந்தா மட்டும் ஏசிஎல்டைப் ப்ராபர்ட்டிய போசிக்ஸ்னு நீங்கதான் மாத்தணும்.

ஒரு ஃபைல்ல ஏசிஎல் இருக்கான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

எல்எஸ் மைனஸ் எல் (ls -l) அடிச்சா பர்மிஷன் எழுத்துக்கு கடைசில ஒரு கூட்டல் குறி நிக்கும். அது இருந்தா அங்க தெரியுற பத்து எழுத்த மட்டும் நம்பாதீங்க, கெட்எஃப்ஏசிஎல் (getfacl, ஏசிஎல்லை வரி வரியா காட்டுற கமாண்ட்) அடிச்சு பாருங்க. கூட்டலுக்கு பதிலா புள்ளி இருந்தா அது எஸ்இலினக்ஸ்ங்கற தனி பாதுகாப்பு அமைப்போட லேபிள், ஏசிஎல் கிடையாது.

கூட்டல் குறி இருக்கும்போது எல்எஸ் காட்டுற நடு மூணு எழுத்து குரூப்போடது தானே?

இல்ல! இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில்தான் படிப்பேன்னா இதைப் படிங்க. எக்ஸ்டெண்டட் ஏசிஎல் (ஒம்பது பிட்டுக்கு மேல கூடுதல் வரி இருக்குற ஏசிஎல்) போட்ட நிமிஷத்துல இருந்து நடு மூணு எழுத்து குரூப்போடது இல்ல, மாஸ்க்கோடது. குரூப்புக்கு நிஜமா என்ன இருக்குன்னு எல்எஸ்ல தெரியவே தெரியாது, கெட்எஃப்ஏசிஎல்ல மட்டும்தான் தெரியும்.

மாஸ்க்னா உச்ச வரம்பு. பேர் போட்டு குடுத்த யூசர்கள், ஃபைலோட சொந்த குரூப், பேர் போட்டு குடுத்த மத்த குரூப்புகள், இவங்க எல்லாரையும் சேத்து குரூப் கிளாஸ்னு சொல்லுவாங்க, இவங்களுக்கு தனித்தனியா என்ன எழுதியிருந்தாலும் மாஸ்க்ல இல்லாதது கிடைக்காது. மாடி டேங்க்ல இருந்து இறங்குற பைப்புல கேட் வால்வு மாதிரி, கீழ எந்த குழாயை எவ்ளோ திறந்தாலும் வால்வு விடுற அளவுக்குதான் தண்ணி. ஓனரும் அதரும் இந்த லைன்லயே இல்ல, மாஸ்க் அவங்கள தொடாது.

ஒரு ஃபைலை கிட்ட வச்சு பார்ப்போம். ஆடிட்னு ஒரு யூசருக்கு ரீட் ரைட் குடுத்திருக்கு, சொந்த குரூப் டெவ்டீம், அதுக்கு ரீட் மட்டும்:

யூசர் (ஓனர்): ரீட், ரைட்
யூசர் ஆடிட்: ரீட், ரைட்
குரூப் (டெவ்டீம்): ரீட்
மாஸ்க்: ரீட், ரைட்
அதர்: எதுவும் இல்ல

இதுக்கு எல்எஸ் காட்டுற எழுத்தை நம்பர்ல சொன்னா 660, கூட ஒரு கூட்டல். பாக்குறவங்க டெவ்டீம் மொத்தத்துக்கும் ரைட் இருக்குன்னுதான் நெனைப்பாங்க. இல்ல, அந்த டீம்ல ஒருத்தராலயும் இதுல எழுத முடியாது, அந்த நடு 6 ஆடிட்டுக்காக ஏறின மாஸ்க்.

சிஹெச்மாட் (chmod, அந்த ஒம்பது பிட்டை மாத்துற கமாண்ட்) அடிச்சா ஏசிஎல் போயிடுமா?

போகாது, ஆனா மாஸ்க் மாறிடும். மேல இருக்குற அதே ஃபைலுக்கு சிஹெச்மாட் 600 அடிங்க. ஆடிட்டோட வரி அப்படியே ரீட் ரைட்னுதான் நிக்கும், டெவ்டீம் வரியும் ரீட்னுதான் நிக்கும், மாஸ்க் மட்டும் காலி. கெட்எஃப்ஏசிஎல் அந்த ரெண்டு வரிக்கும் பக்கத்துல எஃபெக்டிவ்னு போட்டு மூணு கோடு காட்டும். வரி இருக்கு, பலன் இல்ல. திரும்ப சிஹெச்மாட் 640 அடிச்சா மாஸ்க்ல ரீட் வந்துடும், ஆடிட்டால படிக்க முடியும், எழுத முடியாது. ஏசிஎல் போட்டும் வேலை செய்யலன்னு வர்ற புகார்ல பெரும்பகுதி இதுதான், யாரோ ஒருத்தரோ இல்ல ஏதோ ஒரு டிப்ளாய் ஸ்கிரிப்டோ பின்னாடியே வந்து ரிக்கர்ஸிவா சிஹெச்மாட் அடிச்சுட்டு போயிருக்கும்.

எதிர்ப்பக்கமும் யோசிச்சுக்கோங்க. குரூப்புக்கு ரைட் குடுக்கலாம்னு சிஹெச்மாட் ஜி பிளஸ் டபிள்யூ அடிக்கிறீங்க. டெவ்டீம் வரி மாறவே மாறாது, அவங்களுக்கு ரைட் கிடைக்காது, ஆனா மாஸ்க் திறந்ததால ஆடிட்டுக்கு அடைஞ்சு கிடந்த ரைட் திரும்ப வந்துடும். கேட்டது ஒருத்தருக்கு, கிடைச்சது இன்னொருத்தருக்கு. ஏசிஎல் இருக்குற ஃபைல்ல சொந்த குரூப்போட பர்மிஷனை மாத்தணும்னா செட்எஃப்ஏசிஎல் (setfacl, ஏசிஎல்லை மாத்துற கமாண்ட்) தான் வழி, குரூப் பேர் எழுதாம ஜி போட்டு ரெண்டு கோலன் விட்டு எழுதுறது.

இவ்ளோ குழப்பமா ஏன் வச்சாங்க? சிஹெச்மாட் குரூப் வரியையே மாத்தியிருக்கலாமே?

பழைய ப்ரோக்ராம்களுக்காகத்தான், யோசிச்சு பார்த்தா இது சரியான முடிவுன்னுதான் எனக்கு தோணுது. ஏசிஎல்னு ஒண்ணு இருக்குறதே தெரியாத ப்ரோக்ராம் ஆயிரக்கணக்குல இருக்கு. அதுல ஒண்ணு ஒரு ரகசிய ஃபைலை சிஹெச்மாட் 600 பண்ணுதுன்னா, இனிமே ஓனரை தவிர யாரும் தொடக்கூடாதுங்கறதுதான் அதோட எண்ணம். குரூப் வரி மட்டும் மாறி, பேர் போட்டு குடுத்த அஞ்சு யூசருக்கு வழி திறந்தே கிடந்தா அந்த ப்ரோக்ராம் நம்பினது பொய்யாயிடும். மாஸ்க் இருக்குறதால 600-னா நிஜமாவே 600 தான்.

ஃபைலோட மோடை படிச்சு பாக்குற ப்ரோக்ராமுக்கும் இதே கதைதான். எஸ்எஸ்ஹெச் ப்ரைவேட் கீ ஃபைலுக்கு பேக்கப் யூசர் ஒருத்தருக்கு ஏசிஎல்ல ரீட் குடுத்து பாருங்க, மாஸ்க் ஏறி மோட் 640-னு தெரியும், உடனே எஸ்எஸ்ஹெச் பர்மிஷன் ரொம்ப திறந்திருக்குன்னு சொல்லி அந்த கீயை எடுத்துக்க மாட்டேன்னுடும். குரூப்புக்கு நீங்க எதுவுமே குடுக்கலதான், ஆனா ஓனரைத் தவிர வேற ஒருத்தர் படிக்கலாம்ங்கறது உண்மைதானே, அதைத்தான் எஸ்எஸ்ஹெச் கண்டுபிடிச்சிருக்கு.

செட்எஃப்ஏசிஎல் மாஸ்க்கை தானா மாத்துமா?

மாத்தும், இதை கண்டிப்பா கவனிக்கணும். மைனஸ் எம் போட்டு ஒரு வரி சேத்தா, குரூப் கிளாஸ்ல இருக்குற எல்லா வரியையும் கூட்டி மாஸ்க்கை புதுசா கணக்கு போடும், அப்போதான் நீங்க இப்போ குடுத்தது வேலை செய்யும். ஆனா யாரோ பாதுகாப்புக்காக 600 அடிச்சு மூடி வச்ச ஃபைல்னு வைங்க, அதுல தூங்கிக்கிட்டு இருக்குற பழைய வரி நாலு இருக்கு, நீங்க அஞ்சாவதா ஒருத்தருக்கு ரீட் குடுக்குறீங்க, மாஸ்க் புதுசா கணக்காகி அந்த பழைய நாலும் முழு பலத்தோட எழுந்துக்கும். எந்த வார்னிங்கும் வராது. அதனால சேக்குறதுக்கு முன்னாடி கெட்எஃப்ஏசிஎல் ஒருதடவை பாருங்க. மாஸ்க்கை தொடவேண்டாம்னா மைனஸ் என் போடுங்க, இல்லன்னா அதே கமாண்ட்ல மாஸ்க் எவ்ளோன்னு நீங்களே எழுதிடுங்க.

கெர்னல் எந்த வரிசைல பாக்குது? எல்லா வரியையும் கூட்டி பாக்குமா?

கூட்டாது. முதல்ல நீங்க ஓனரான்னு பாக்கும், ஆமான்னா ஓனர் வரி மட்டும், அங்க இல்லன்னா இல்லதான், குரூப்புக்கு இருந்தாலும் கிடைக்காது. ஓனர் இல்லன்னா உங்க பேர்ல வரி இருக்கான்னு பாக்கும், இருந்தா அதுவும் மாஸ்க்கும் சேந்து என்ன வருதோ அதோட முடிவு. அதுவும் இல்லன்னா நீங்க இருக்குற குரூப்புகள். இந்த மூணுல எதுலயும் சேராதவங்களுக்குதான் அதர்.

குரூப் கட்டத்துல மட்டும் கொஞ்சம் வித்தியாசம். நீங்க மூணு குரூப்ல இருந்து மூணுக்கும் வரி இருந்தா, கேட்டது முழுசா ஏதாவது ஒரு வரில இருந்தா போதும், விட்டுடும். ஆனா அந்த முழுசாங்கறது முக்கியம், ஒரு குரூப் வரில ரீட் மட்டும், இன்னொண்ணுல ரைட் மட்டும் இருந்தா, தனித்தனியா படிக்கலாம், தனியா எழுதலாம், ஆனா ரீட் ரைட் ரெண்டும் சேத்து ஓப்பன் பண்ற ப்ரோக்ராம் ஃபெயில் ஆகும். ஒரு குரூப் வரி பொருந்தி அதுல பர்மிஷன் இல்லன்னா அதருக்கும் போகாது, அங்கயே நிறுத்திடும்.

இதுல இருந்தே அடுத்த கேள்விக்கும் பதில் வந்துடுது, ஒருத்தரை மட்டும் தடுக்க முடியுமான்னு. அவர் பேர்ல காலி வரி ஒண்ணு போட்டா போதும், அவர் எந்த குரூப்ல இருந்தாலும் அங்கயே நின்னுடுவார், அவரே ஓனரா இருந்தா மட்டும் இது செல்லாது. குரூப் பேர்ல காலி வரி போட்டு தடுக்கலாம்னு நம்பாதீங்க, அதுல இருக்குறவர் இன்னொரு குரூப் வழியா உள்ள வந்துடுவார்.

டிஃபால்ட் ஏசிஎல்னா என்ன? யூமாஸ்க் என்ன ஆகும்?

டைரக்டரிக்கு மட்டும் போடறது, அதுக்குள்ள இனிமே உருவாகுற ஃபைலுக்கும் சப் டைரக்டரிக்கும் தானா இறங்கும். அந்த டைரக்டரிக்குள்ள யார் போகலாம்ங்கறதை அது தீர்மானிக்காது, அதுக்கு சாதாரண ஏசிஎல் தனியா வேணும், இது நிறைய பேர் விடுற இடம். ஏற்கனவே உள்ள கிடக்குற ஃபைலுக்கும் தானா வராது, அதுக்கு பெரிய ஆர் போட்டு ரிக்கர்ஸிவா ஒருதடவை அடிக்கணும், அப்படி அடிக்கும்போது எக்ஸிகியூட்டுக்கு பெரிய எக்ஸ் போடுங்க, இல்லன்னா டெக்ஸ்ட் ஃபைல் எல்லாம் எக்ஸிகியூட்டபிள் ஆகிடும்.

யூமாஸ்க்னா புது ஃபைல்ல எந்த பர்மிஷனை எடுத்துடணும்னு சொல்ற செட்டிங், டிஃபால்ட் ஏசிஎல் இருக்குற டைரக்டரில அதை கெர்னல் கண்டுக்காது. யூமாஸ்க் 022-னால டீம்ல ஒருத்தர் போட்ட ஃபைலை இன்னொருத்தர் எடிட் பண்ண முடியலங்கற தொந்தரவு இதோட தீரும். ஆனா ப்ரோக்ராம் ஃபைலை உருவாக்கும்போது கேக்குற மோட் இருக்கு பாருங்க, அதை கெர்னல் மதிக்கும், அதோட நடு இலக்கம் போய் புது ஃபைலோட மாஸ்க்ல விழும். டச் மாதிரி 666 கேக்குற ப்ரோக்ராம்னா மாஸ்க் ரீட் ரைட், எல்லாம் நல்லா இருக்கும். டெம்பரரி ஃபைல் பண்ற ப்ரோக்ராம்கள் வழக்கமா 600 கேக்கும், அப்போ வரி எல்லாம் அழகா இறங்கியிருக்கும், மாஸ்க் காலி, ஓனரைத் தவிர ஒருத்தராலயும் தொட முடியாது. அந்த மாதிரி ப்ரோக்ராமுக்கு ஏசிஎல்ல எவ்ளோ மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல, அதோட செட்டிங்ல ஃபைல் மோடை மாத்தணும்.

காப்பி, மூவ், பேக்கப் பண்ணா?

மூவ்தான் அதிகமா ஏமாத்தும். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள்ள எம்வி பண்ணா அது பேர் மாத்துறது மட்டும்தான், புது ஃபைல் உருவாகல, அதனால போற இடத்து டிஃபால்ட் ஏசிஎல் அதுக்கு வராது, பழைய பர்மிஷனோடதான் போய் உக்காரும். அப்லோட் ஆகுற ஃபைலை வேற ஃபோல்டர்ல எழுதி முடிச்சு அப்புறம் இங்க நகர்த்துற அப்ளிகேஷன் எல்லாத்துக்கும் இந்த பிரச்சனை இருக்கு. சிபி சாதாரணமா பண்ணா புது ஃபைல், டிஃபால்ட் வரும், ஆனா மூல ஃபைலோட மோடைத்தான் கேக்கும், 644 ஃபைலை காப்பி பண்ணா மாஸ்க்ல ரீட் மட்டும்தான், டீம்ல யாரும் எழுத முடியாது. மைனஸ் பி (-p) போட்டா மூல ஃபைலோட ஏசிஎல்லே கூட வரும்.

டார்ல ஏசிஎல்ஸ் ஆப்ஷன் கட்டும்போதும் போடணும், பிரிக்கும்போதும் போடணும். ஆர்சிங்க்ல பெரிய ஏ (-A) போடணும், சின்ன ஏ-ல (-a) இது அடங்காது. கிட்ல ஏசிஎல் கிடையவே கிடையாது, அது எக்ஸிகியூட் பிட்டை மட்டும்தான் ஞாபகம் வச்சுக்கும்.

ஏசிஎல் சரியா இருக்கு, எஃபெக்டிவும் சரியா இருக்கு, ஆனாலும் பர்மிஷன் டினைட் வருதே?

மேல இருக்குற டைரக்டரிகளை பாருங்க. ஃபைல் வரைக்கும் போற பாதைல ஒவ்வொரு டைரக்டரிலயும் எக்ஸிகியூட் வேணும், ஒண்ணுல இல்லன்னாலும் உள்ள போக முடியாது. உபுண்டு 21.04-ல இருந்து புதுசா உருவாகுற ஹோம் டைரக்டரி 750, முன்னாடி 755 இருந்துச்சு, அதனால ஹோமுக்குள்ள சைட்டை வச்சுட்டு என்ஜின்எக்ஸ்ல 403 வருதுன்னு தேடுறவங்க நிறைய. அதுக்கு ஹோமை 755 ஆக்க வேண்டாம், வெப் சர்வர் யூசருக்கு மட்டும் அந்த டைரக்டரில எக்ஸிகியூட் ஒண்ணு மட்டும் ஏசிஎல்ல குடுங்க, உள்ள போகத்தான் முடியும், என்னென்ன இருக்குன்னு லிஸ்ட் எடுக்க முடியாது. நேம்ஐ மைனஸ் எல் அடிச்சு ஃபைல் பாதையை குடுத்தா படிப்படியா எல்லா டைரக்டரியோட பிட்டும் காட்டும், ஆனா அதுவும் மாஸ்க்கைத்தான் காட்டும், அதனால சந்தேகமான டைரக்டரில கெட்எஃப்ஏசிஎல் தனியா அடிங்க. எஸ்இலினக்ஸ், ஆப்ஆர்மர் ரெண்டும் தனி வாசல், ஏசிஎல் விட்டாலும் அது நிறுத்தலாம்.

ஃபைலை அழிக்கிறதுக்கு ஃபைலோட ஏசிஎல் கணக்கே இல்ல, அது இருக்குற டைரக்டரில ரைட்டும் எக்ஸிகியூட்டும் இருந்தா அழிச்சுடலாம். ஷேர்டு ஃபோல்டர்ல அடுத்தவங்க ஃபைலை அழிக்கக் கூடாதுன்னா ஸ்டிக்கி பிட் போடுங்க, அது ஏசிஎல்லோட ஒத்துப்போகும். செட்ஜிஐடியும் அப்படித்தான், அது குரூப்பை இறக்கும், டிஃபால்ட் ஏசிஎல் வரிகளை இறக்கும், டீம் ஃபோல்டர்ல நான் ரெண்டையும் சேத்தே போடுவேன்.

என் மெஷின்ல நான் போடாமலே எங்கயாவது ஏசிஎல் இருக்குமா?

டெஸ்க்டாப் லினக்ஸ்னா கண்டிப்பா இருக்கும். டெவ் டைரக்டரிக்குள்ள சவுண்ட் டிவைஸ்களை எல்எஸ் பண்ணி பாருங்க, கூட்டல் குறி நிக்கும், கெட்எஃப்ஏசிஎல் அடிச்சா இப்போ லாகின் ஆகியிருக்குற உங்க பேர் ரீட் ரைட்டோட இருக்கும். சிஸ்டம்டி-யோட லாகின்ட் அதை போடுது, வேற ஆள் அந்த ஸ்க்ரீனுக்கு வந்தா பேரும் மாறும். ஆடியோ குரூப்ல உங்களை சேக்காமலே பாட்டு கேக்குறது இதனாலதான். டெபியன்ல ஜர்னல் லாக் ஃபைல்களை adm-ங்கற குரூப் படிக்க முடியறதும் ஏசிஎல் வழியாத்தான்.

ஒருத்தர் வேலையை விட்டு போயிட்டார், யூசரை டெலீட் பண்ணிட்டோம். அவர் வரி என்ன ஆகும்?

அப்படியே இருக்கும். உள்ள சேமிச்சிருக்கறது பேர் இல்ல, யூஐடி நம்பர், இனிமே கெட்எஃப்ஏசிஎல் பேருக்கு பதிலா வெறும் நம்பரா காட்டும். நாளைக்கு புதுசா சேர்றவருக்கு அதே நம்பர் கிடைச்சா பழையவரோட ஃபைல் எல்லாம் இவருக்கு திறந்துடும், அவருக்கே தெரியாது. ஆளை எடுக்குறதுக்கு முன்னாடி மைனஸ் எக்ஸ் போட்டு ரிக்கர்ஸிவா அவர் வரியை எடுத்துடுங்க, டிஃபால்ட்ல இருக்குறதையும் மறக்காம எடுங்க, இல்லன்னா அந்த நம்பரை யாருக்கும் திரும்ப குடுக்காதீங்க.

மேக், விண்டோஸ், என்எஃப்எஸ்ல (நெட்வொர்க் வழியா ஃபைல் பகிர்ற முறை) எல்லாம் இதே தானா?

இல்ல. அங்க அலவ், டினைனு ரெண்டு வகை வரி, வரிசை முக்கியம், மாஸ்க்னு ஒண்ணு கிடையாது, உரிமைகளும் ரீட் ரைட் எக்ஸிகியூட்டை விட நுணுக்கமா பிரிச்சிருக்கும். மேக்ல எல்எஸ்ஸுக்கு மைனஸ் எல்இ போட்டு பாக்கணும், சிஹெச்மாட்டே பிளஸ் ஏ-ங்கற ஆப்ஷனோட ஏசிஎல் போடும். என்எஃப்எஸ் 4-க்கு தனி கமாண்ட்கள் இருக்கு. மேல சொன்ன மாஸ்க் கணக்கை அங்க கொண்டு போகாதீங்க.

ரூட்டுக்கு ஏசிஎல் செல்லுமா?

ரீட் ரைட் விஷயத்துல செல்லாது, கெர்னல் ரூட்டை விட்டுடும். ஏசிஎல்லை மாத்துற உரிமையும் ஓனருக்கும் ரூட்டுக்கும்தான், உங்களுக்கு ரைட் இருக்குங்கறதுக்காக அடுத்தவங்க ஃபைல்ல செட்எஃப்ஏசிஎல் அடிக்க முடியாது.

மொத்தமா ஏசிஎல்லை எடுத்துடணும், இல்ல யாரோ ரிக்கர்ஸிவா சிஹெச்மாட் அடிச்சு கெடுத்துட்டாங்க, என்ன பண்றது?

செட்எஃப்ஏசிஎல்ல மைனஸ் பி (-b) எல்லாத்தையும் எடுக்கும், மைனஸ் கே (-k) டிஃபால்ட்டை மட்டும் எடுக்கும். மைனஸ் பி அடிச்சதும் எல்எஸ்ல நடு மூணு எழுத்து மாறினா பயப்படாதீங்க, மாஸ்க் போய் இவ்ளோ நாள் மறைஞ்சிருந்த நிஜ குரூப் வரி வெளிய வந்திருக்கு, அது சரியான்னு மட்டும் பாத்துக்கோங்க.

கெட்டது மாஸ்க் மட்டும்னா வரிகள் உள்ளேயே பத்திரமா இருக்கும், செட்எஃப்ஏசிஎல்ல எம் போட்டு மாஸ்க்கை மட்டும் திரும்ப ரிக்கர்ஸிவா வைங்க, இங்கயும் எக்ஸிகியூட்டுக்கு பெரிய எக்ஸ் தான். ஓனர், அதர் பிட்டும் சேந்து போயிருந்தா பழைய நிலைமை எங்கயாவது எழுதி வச்சிருந்தாதான் வழி, அதுக்கு கெட்எஃப்ஏசிஎல் பெரிய ஆர் போட்டு அவுட்புட்டை ஒரு ஃபைல்ல வச்சுக்கோங்க, பின்னாடி செட்எஃப்ஏசிஎல்ல ரீஸ்டோர் ஆப்ஷனுக்கு அந்த ஃபைலை குடுத்தா ஓனர்ல இருந்து டிஃபால்ட் வரைக்கும் அப்படியே திரும்ப வைக்கும். எடுக்கும்போது ரிலேட்டிவ் பாதையா குடுங்க, எந்த டைரக்டரில நின்னு எடுத்தீங்களோ அங்கயே நின்னு ரீஸ்டோர் பண்ணுங்க.